மூன்று மாத ரகசியமும் இருபத்தெட்டு நாள் குழாயும்

1. தவிட்டுத் தொட்டியில் விழுந்த அட்டை

அஞ்சலை விட்டெறிந்த மாத்திரை அட்டை என் மூக்குக் கண்ணாடியில் பட்டுத் தவிட்டுத் தொட்டியில் விழுந்தது. நான் குனிவதற்குள் மாடு தலையை உள்ளே விட்டுவிட்டது. அது சினை மாடு. அந்த வீட்டில் அன்றைக்குக் கர்ப்பத்துக்கான ஃபோலிக் ஆசிட் சாப்பிடத் தயாராக இருந்த ஒரே ஜீவன் அதுதான்.

அட்டையின் தகடு மாட்டின் வயிற்றுக்கு ஆகாதே என்று முழங்கை வரை தவிட்டுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். அஞ்சலை தலைக்கு மேலே நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"எம் மருமவளுக்குக் கொழந்த நிக்காத மாத்திர குடுக்கறியா நர்சம்மா? எத்தினி நாளா நடக்குது இது?"

"யக்கா, இது அந்த மாத்திர இல்லக்கா."

"எனக்குத் தெரியாதா? எதுர்வூட்டு லதாவுக்கு நீதான மாசாமாசம் அட்ட குடுத்த. அவ மூணு வருஷமா ஒண்ணும் இல்லாம ஜாலியா சுத்துறா. அதே பையி, அதே அட்ட, அதே நீ."

பை ஒன்றுதான். அதை நான் எப்படி மறுப்பது? வலது அறையில் கருத்தடை மாத்திரை, இடது அறையில் கர்ப்பிணிகளுக்கான மாத்திரை என்று இருபது வருடமாகப் பிரித்து வைத்திருந்தேன். அந்தப் பாகப்பிரிவினை எனக்கு மட்டும்தான் தெரியும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. தவிடு அப்பிய கையோடு வெளியே வந்து ஸ்கூட்டியைக் கிளப்பினேன். வழியெல்லாம் அஞ்சலையைத் திட்டினேன், பாதி என்னையும் திட்டிக்கொண்டேன்.

மடுகரைப் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில், எங்கள் பேச்சில் சப்-சென்டரில், ஏஎன்எம் என்கிற கிராம நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்தக் குறிப்பில் எல்லோருடைய பெயரையும் மாற்றிவிட்டேன். அஞ்சலை பெயரை மட்டும் மாற்றவில்லை. மாற்றினால் வீட்டுக்கே வந்து சண்டை போடுவேன் என்று சொல்லிவிட்டார். வருவார், எனக்குத் தெரியும்.

2. நான் தாமதமாகப் போன கதை

அஞ்சலையின் மருமகள் கலைவாணி. வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பாள். நான்கு வார்த்தை பேசினால் மூன்று வார்த்தை வாய்க்குள்ளேயே நின்றுவிடும், அப்படி ஒரு பெண். அவளுடைய முதல் கர்ப்பத்தை நான்காம் மாதத்தில்தான் ரிஜிஸ்டரில் ஏற்றினேன். எடை பார்த்தேன், பிரஷர் பார்த்தேன், 'நார்மல்' என்று எழுதினேன். ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தைக்கு மண்டையின் மேல் பாகமும் மூளையும் உருவாகவே இல்லை என்று தெரிந்தது. அந்தப் பிள்ளையை வைத்துக்கொள்ள முடியவில்லை.

டிஸ்சார்ஜ் தாளில் 'நியூரல் டியூப் டிஃபெக்ட்', அதாவது நரம்புக் குழாய்க் குறை என்று இருந்தது. அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே ஃபோலிக் ஆசிட் தொடங்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேனே தவிர, அந்த 'முன்பே' என்ற சொல்லுக்கு அர்த்தம் எனக்கு முழுசாகப் புரியவில்லை. அது கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்து ஒரு டிரெயினிங் வகுப்பில்தான் புரிந்தது.

வகுப்பெடுத்த டாக்டரம்மா போர்டில் ஒரு பட்டையான தகட்டை வரைந்தார். கரு உண்டான மூன்றாம் வாரத்தில் அதன் முதுகுப் பக்கம் இப்படி ஒரு தகடுதான் இருக்கும். அதன் இரண்டு ஓரமும் மெல்ல எழும்பும், நடுவில் பள்ளம் விழும், ஓரங்கள் ஒன்றையொன்று தொட்டு ஒட்டிக்கொள்ளும். தகடு இப்போது குழாய். ஒட்டுவது கழுத்துப் பக்கம் தொடங்கி மேலும் கீழும் போகும். தலைப்பக்க வாய் இருபத்தைந்தாம் நாள் வாக்கில் மூடும், வால்பக்கம் இருபத்தெட்டாம் நாள் வாக்கில் மூடும். மேல்பாகம் மூன்று இடத்தில் உப்பிப் பிறகு மூளையாகும். கீழ்ப்பாகம் தண்டுவடம். ஓரத்திலிருந்து கழன்று போகிற செல்கள் உடம்பு முழுக்கப் போய்ப் பல நரம்புகளாகும். இத்தனையும் ஒரு மிளகு அளவுகூட இல்லாத கருவுக்குள் நடக்கிறது. தலைப்பக்கம் மூடாவிட்டால் மூளை அமையாது. கீழ்ப்பக்கம் மூடாவிட்டால் முதுகில் திறப்பு. சரியாக மூட உதவுவதுதான் ஃபோலிக் ஆசிட்.

நான் விரல் விட்டுக் கணக்குப் போட்டேன். நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆகும்போது அந்தக் குழாய் மூடும் வேலை முடிந்திருக்கும். எங்கள் பக்கத்திலோ மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் மூச்சு விடமாட்டார்கள். கண்ணு பட்டுவிடும். புருஷனுக்கு அடுத்து மாமியார், மாமியாருக்கு அடுத்து அம்மா, அம்மாவுக்கு அடுத்து குலதெய்வம். அதற்கப்புறம்தான் நர்ஸ்.

எழுந்து நின்றேன். "மேடம், எங்க ஊர்ல நாலாம் மாசம்தான் எங்கிட்ட சொல்வாங்க."

"அப்ப நீங்க லேட்."

"எவ்ளோ லேட் மேடம்?"

"ரெண்டு மாசத்துக்கு மேல."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் கலைவாணி ஞாபகம் வந்தது. இருபது வருடம் நான் ஓடி ஓடிக் கொடுத்த மாத்திரை ரத்தத்துக்கு நல்லது, அதில் சந்தேகமில்லை. ஆனால் குழாய் விஷயத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் நான் கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்த பிறகு போய் நின்றிருக்கிறேன்.

எங்கள் மெடிக்கல் ஆபீசரிடம் போனேன். கலைவாணிக்கு ஏற்கெனவே ஒரு தடவை ஆனதால் ஐந்து மில்லிகிராம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆபத்து ரொம்பக் குறையும், முழுசாகப் போய்விடும் என்று சத்தியம் பண்ண முடியாது, ஆனால் கரு தங்குவதற்கு முன்னாலேயே ஆரம்பித்தாக வேண்டும் என்றார். அதை நான் கலைவாணியின் கையில் ரகசியமாகக் கொடுக்க, அவள் நூல்கண்டு டப்பாவில் ஒளித்து வைக்க, ஊசி தேடிய அஞ்சலை கண்டுபிடிக்க, அட்டை தவிட்டுத் தொட்டிக்குப் போனது.

3. தூது போனவன்

அடுத்து கலைவாணியின் புருஷன் சரவணனைப் பிடித்தேன். லோடு ஆட்டோ ஓட்டுபவன். ஆள் ஆறடி. அம்மா எதிரில் மட்டும் நாலடி ஆகிவிடுவான். ரோட்டோரம் நிறுத்தி மாத்திரையைக் கொடுத்து எல்லாம் விளக்கினேன்.

"தினம் ஒண்ணு. அவ முழுங்கறத உன் கண்ணால பாக்கணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சிது நர்சம்மா. நான் பாத்துக்கறன்."

இருபது நாள் கழித்துப் பார்த்தேன். "இன்னா ஆச்சு?" என்று கேட்டேன். ஆட்டோவின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"தீந்துடுச்சி நர்சம்மா."

"நல்லது. கலை ஒழுங்கா முழுங்கினாளா?"

"கலை இல்ல... நாந்தான்."

"இன்னாது?"

"தெனம் சாப்புட்டு முடிச்சி அதுக்குக் குடுக்கலாம்னு எடுப்பன். கரெக்டா அம்மா வரும். கையில இன்னாடான்னு கேக்கும். தலவலி மாத்திரன்னு சொல்லி டக்குனு வாயில போட்டுக்குவன். தெனம் இதே கத." கொஞ்சம் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினான். "எனக்கு ஒண்ணும் ஆவாது இல்ல?"

"ஆவும். நீ மாசமானா கொழந்த நல்லா பொறக்கும்" என்றேன். வேறு என்ன சொல்வது? அவன் சிரிக்கவில்லை. உண்மையிலேயே கொஞ்ச நேரம் யோசித்தான்.

அன்றைக்கு எனக்குக் கோபம் அடங்க நேரமானது. கலைவாணிக்கு எப்போது வேண்டுமானாலும் கரு தங்கலாம். தங்கிவிட்டால் யாரும் எனக்குச் சொல்லப் போவதில்லை. சொல்லும்போது குழாய் மூடியிருக்கும், இல்லை மூடாமலே போயிருக்கும். இன்னொரு ஐந்தாம் மாத ஸ்கேனை அந்தப் பெண் தாங்கமாட்டாள். சுற்றி வளைத்துப் போனதெல்லாம் போதும், நேராக அஞ்சலையிடமே போவது என்று முடிவு செய்தேன்.

4. சோமாஸ்

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் போனேன். அஞ்சலை சோமாஸ் செய்துகொண்டிருந்தார். தெருவில் பாதி வீட்டுக்கு அவர்தான் செய்து கொடுப்பார். என்னைப் பார்த்ததும் பூரிக்கட்டையைக் கையில் எடுத்தார். மாவு தேய்க்கத்தான் எடுத்தார் என்று நானாக நினைத்துக்கொண்டு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"மாத்திர பேச்சு பேசறதுன்னா இப்பவே எழுந்துடு" என்றார்.

"பேசல. சோமாஸ் பண்ணத் தெரியாது, கத்துக்க வந்தேன்."

இது உண்மையும்கூட. அஞ்சலைக்குக் கோபம் எவ்வளவு வேகமாக வருமோ, தன் கைவேலையைப் பற்றிக் கேட்டால் அவ்வளவு வேகமாக அது இறங்கியும் விடும். ஒரு வட்டத்தை என் பக்கம் தள்ளினார். பூரணம் வைத்தேன், மடித்தேன், ஓரத்தைச் சும்மா அழுத்திவிட்டு எண்ணெயில் போடப் போனேன்.

"அய்ய, இன்னா நர்சு நீ? தண்ணி தொட்டு ஒட்டு. அப்புறம் ஓரத்த முறுக்கு. கேப் இருந்தா எண்ணெயில பிரிஞ்சி பூரணம்லாம் கொட்டிப்புடும்."

"பிரிஞ்சா அப்புறம் ஒட்டிக்கலாம் இல்ல?"

"எண்ணெயில போட்டப்புறம் எப்புடி ஒட்டுவ? போடறதுக்கு முன்னாடியே ஒட்டணும்."

நான் கையைத் துடைத்துக்கொண்டேன். "யக்கா, உன் பேரப்புள்ளைக்கு ஆனது இதுதான்" என்றேன்.

அஞ்சலையின் கை நின்றது. இன்னொரு மாவு வட்டத்தை எடுத்து இரண்டு ஓரத்தையும் தூக்கிக் காட்டினேன். தகடு, பள்ளம், குழாய், தலைப்பக்கம், வால்பக்கம், இருபத்தெட்டு நாள், எல்லாவற்றையும் டாக்டரம்மா சொன்ன வரிசையிலேயே சொன்னேன். தலைப்பக்கம் ஒட்டாமல் போனால் என்ன ஆகும் என்று மாவைத் திறந்து காட்டினேன். அஞ்சலை அந்த மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய் புகைய ஆரம்பித்தது, அடுப்பை நான்தான் அணைத்தேன்.

"இத ஏன் யாரும் எங்கிட்ட சொல்லல?" என்றார்.

"சரவணங்கிட்ட டாக்டரு சொன்னாங்களாம்."

"அவங்கிட்டயா? அவன் வந்து, 'புள்ளைக்குத் தல சரியில்ல'ன்னான். அவ்ளோதான் சொன்னான், எரும." மாவு ஒட்டும் தண்ணீர்க் கிண்ணத்தை விரலால் தொட்டார். பிறகு, "அப்ப உன் மாத்திரதான் அந்தத் தண்ணியா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் மெடிக்கல் ஆபீசரிடம் பிறகு சொன்னபோது அவர், சுமாராகச் சரிதான் என்றார்.

"ஆனா நர்சம்மா, உண்டாவறதுக்கு முன்னாடியே உண்டானவ மாத்திர திங்கறது தப்பு இல்ல? தொட்டில மொதல்ல வாங்கற மாதிரி. அபசகுனம்."

"தொட்டில் புள்ளைக்கு. இது கலைக்கு. கலை இப்பவே இருக்கா இல்ல?"

அஞ்சலை இதை ஒரு சோமாஸ் முழுசாக ஒட்டி முடிக்கும்வரை யோசித்தார். பிறகு கையை நீட்டினார். மாத்திரையை வாங்கி இடுப்புச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாளிலிருந்து கலைவாணிக்கு வேறு விதமான தொல்லை. காலைச் சோறு முடிந்ததும் அஞ்சலை எதிரில் வந்து நிற்பார். "வாயத் தொற. நாக்கத் தூக்கு. இன்னொரு பக்கம்." முழுங்கியதை உறுதி செய்த பிறகுதான் மிஷினில் உட்கார விடுவார். தீர்வதற்கு ஐந்து நாள் முன்பே சப்-சென்டர் வாசலில் வந்து நின்று, ஸ்டாக் இருக்கிறதா என்று என்னை அதட்டுவார். சூப்பர்வைசர்கூட என்னை அந்த மாதிரி கேட்டதில்லை.

5. யாருக்கும் சொல்லாதே

ஐந்து மாதம் போனது. ஒரு தடுப்பூசி நாள். சப்-சென்டரில் பத்துப் பன்னிரண்டு தாய்மார்கள் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அஞ்சலை உள்ளே வந்து என் காதருகில் குனிந்தார். அஞ்சலையின் ரகசியக் குரல், மற்றவர்கள் வயலில் ஆளைக் கூப்பிடும் குரல்.

"நர்சம்மா, கலைக்கு நாளு தள்ளிப் போயி ஏழு நாளாவுது. யாருக்கும் சொல்லாத. மூணு மாசம் ஆவட்டும்."

அழுதுகொண்டிருந்த குழந்தைகள்கூட ஒரு கணம் அழுகையை நிறுத்தின. பன்னிரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அஞ்சலை நிமிர்ந்து அவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இன்னா பாக்கறீங்க? நீங்களும் யாருக்கும் சொல்லாதீங்க. ஏழு நாள்லயே சொன்னாதான் நர்சம்மாவுக்குக் கணக்கு சரியா வரும். உங்க வூட்லலாம் நாலு மாசம் கழிச்சி சொன்னீங்களே, அறிவிருக்குதா?"

வார்டு வாரியாக நான் போட்ட கூட்டங்களில் எல்லாம் சேர்த்து விளங்காத விஷயம் அந்த அரை நிமிடத்தில் ஊருக்கு விளங்கியது. மாலைக்குள் புதிதாகக் கல்யாணமான இரண்டு பெண்கள் மாத்திரை கேட்டு வந்தார்கள். ஒருத்தியை அவளுடைய மாமியாரே அழைத்து வந்திருந்தார். எதிர்வீட்டு லதாவும் வந்தாள். இப்போதைக்குப் பிள்ளை வேண்டாம் என்பவளுக்கு வலது அறை மாத்திரையே போதும் என்று சொல்லி அனுப்பினேன்.

6. பெஞ்சு

ஐந்தாம் மாத ஸ்கேன் நாளன்று நானும் லீவு போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர்கள் கூப்பிடவில்லை, என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. சரவணன் வெளியே ஒரே ஆட்டோவை நான்கு தடவை பார்க்கிங் மாற்றிக்கொண்டிருந்தான். அஞ்சலை ஸ்கேன் அறைக்குள் போகப் பார்த்து இரண்டு முறை வெளியேற்றப்பட்டார்.

மண்டை முழுசாக இருக்கிறது, மூளை நன்றாகத் தெரிகிறது, முதுகும் மூடியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அஞ்சலை வராந்தாவில் இருந்த அத்தனை பேரிடமும், முன்பின் தெரியாதவர்களிடமும், "மூடிக்கிச்சி, மூடிக்கிச்சி" என்று சொல்லிக்கொண்டு போனார். அவர்கள் எதையோ புரிந்துகொண்டு தலையாட்டினார்கள்.

கலைவாணி மட்டும் பெஞ்சில் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "சந்தோஷம்தானடி?" என்றேன்.

"சந்தோஷம்தான் நர்சம்மா. இந்தத் தபா நான் கத்திரியத் தொடவே இல்ல. அதான் புள்ள நல்லா இருக்குது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னா கத்திரி?"

"போன தபா நாலாம் மாசம் கிரகணம் வந்துது இல்ல. அன்னிக்கி ஒரு கல்யாண ஆர்டரு. அவசரம்னு ஜாக்கெட் துணி வெட்டிட்டன். நான் வெட்டினது அதும் தலையில..." இரண்டு விரலைக் கத்திரி போல ஒருமுறை விரித்து மூடினாள். "அத்தகூட அப்பவே சொன்னாங்க. ஊர்லயும் அப்புடித்தான் சொன்னாங்க."

இரண்டு வருடம். நான் எத்தனை முறை அந்த வீட்டு வாசலை மிதித்திருப்பேன். மாத்திரை முழுங்கினாயா என்று கேட்டேன், தேதி கேட்டேன், எடை பார்த்தேன். தன் பிள்ளையைத் தானே கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு இந்தப் பெண் மாமியார் எதிரில் நாக்கைத் தூக்கிக் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். மாமியாருக்கு மாவை மடித்துக் காட்டிய நான், பக்கத்து அறையில் மிஷின் மிதித்துக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு உட்கார வைக்கவில்லை. எனக்கு என் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

அவள் கையைப் பிடித்து விரல்களை மடக்கினேன். "கேளு. தல மூடறது இருவத்தஞ்சாம் நாளு. நாலாம் மாசம்னா நூறு நாளுக்கு மேல. நீ கத்திரி எடுக்கறதுக்கு ரெண்டரை மாசம் முன்னாடியே அது மூடாம நின்னு போச்சி. வவுத்துல புள்ள இருக்குதுன்னே உனக்குச் சரியாத் தெரியாது அப்ப. கிரகணமும் இல்ல, கத்திரியும் இல்ல."

"அப்ப நான் இல்லியா நர்சம்மா?"

"நீ இல்லடி. நீ ஒண்ணுமே பண்ணல."

அவள் அழுத அழுகையில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. ஸ்கேன் ரிசல்ட் கெட்டது போலிருக்கிறது என்று நினைத்து ஒரு அம்மா தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார். அஞ்சலை எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை, எல்லாவற்றையும் கேட்டிருந்தார். முதலில் என்மேல்தான் பாய்ந்தார்.

"சோமாஸ்லாம் சுட்டுக் காமிச்சியே, இத ஏன் நீ சொல்லல?"

அஞ்சலை பெஞ்சின் மறுபக்கம் உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதல் முறையாக அவர் மெதுவான குரலில் பேசி நான் கேட்டேன்.

"நாந்தான் சொன்னன். ஊரு முன்னாடி சொன்னன். நான் சொன்னது தப்பும்மா." சேலைத் தலைப்பால் மருமகளின் முகத்தை அழுத்தித் துடைத்தார். "வூட்டுக்குப் போனதும் எனக்கு ஒரு ஜாக்கெட் தெச்சிக் குடு. துணிய நீயே வெட்டு. இப்பவே, வவுத்துல புள்ளையோட வெட்டு. எவ இன்னா சொல்றான்னு நான் பாக்கறன்."

வெட்டினாள். அளவு சரியாக இருந்ததா என்று கேட்காதீர்கள், தோள் கொஞ்சம் இறங்கிவிட்டது. அஞ்சலை அதைத்தான் பேத்தியின் காதுகுத்துக்குப் போட்டுக்கொண்டு வந்தார்.

இன்றைக்குப் புதிதாக வேலைக்கு வரும் ஏஎன்எம் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். மாத்திரையைக் கல்யாண வீட்டிலேயே ஆரம்பியுங்கள், நாலாம் மாதம் வரை காத்திருக்காதீர்கள். ஆனால் ஒரு பிள்ளையை இழந்த பெண்ணிடம் போனால் பையைத் திறக்காதீர்கள். முதலில் பக்கத்தில் உட்கார்ந்து, "எதனால அப்புடி ஆச்சுன்னு நீ நெனக்கற?" என்று கேளுங்கள். நான் அதைக் கேட்க இரண்டு வருடம் தாமதமாகிவிட்டது.